ஃப்ளாப்பில் சுமாரான கை: பெட்டைத் தொடர்வதா, செக் சொல்வதா?

கேள்வி: சேலத்திலிருந்து ஆறு நண்பர்கள் அவ்வப்போது ஏற்காடு போய், காசு வைக்காமல் வெறும் சில்லு வைத்து டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறோம். ஃப்ளாப்புக்கு (எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டு) முன்னால் ரெய்ஸ் பண்ணியது, அதாவது பந்தயத்தை உயர்த்தியது, நான். ஃப்ளாப் விரித்தபின் கை சுமார். தொடர்ந்து பெட் வைக்கலாமா?

பதில்: எதிரில் இருப்பவர் சீட்டைக் கவிழ்த்து விலகக்கூடியவரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கவிழ்க்காதவரிடம், ரெய்ஸ் பண்ணியவர் என்ற பிடியைக் கையில் வைத்திருந்து ஒரு பயனும் இல்லை.

கணக்கோடு பார்ப்போம். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது) 5, 10. கடைசி இடத்திலிருந்து நீங்கள் 30 வைக்க, பெரிய பிளைண்ட் வைத்தவர் மட்டும் கால் செய்கிறார், அதாவது அதே அளவு வைத்து ஆட்டத்தில் நீடிக்கிறார். சின்ன பிளைண்ட் விட்டுப்போன 5-ஐயும் சேர்த்து நடுவில் 65. உங்களிடம் ஏஸ், ராணி. ஃப்ளாப்பில் இஸ்பேட் ராஜா, கிளாவர் 7, டைமன் 2. இங்கே 20 வையுங்கள். நான்கு தடவையில் ஒரு தடவை அவர் கவிழ்த்தாலே நஷ்டமில்லை. ஜோடியில்லாத இரண்டு சீட்டு ஃப்ளாப்பில் ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றுதான், அதனால் அவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் சேர்ந்திருக்காது. அதே இடத்தில் 65 வைத்தால் பாதித் தடவை அவர் கவிழ்த்தாக வேண்டும். ராஜா வைத்திருப்பவர் எப்படியும் போகமாட்டார், ஒன்றுமில்லாதவர் 20-க்கே போய்விடுவார். பிறகு 65 எதற்கு?

ஃப்ளாப் 9, 8, 7, அதில் இரண்டு ஆட்டின் என்றால் பெட் வைக்காமல் செக் சொல்லிவிடுங்கள். பெரிய பிளைண்டில் கால் செய்பவர் வைத்திருக்கும் சின்னச் சீட்டுகளுக்கு ஏற்ற ஃப்ளாப் அது.

பலர் தடுமாறுவது சுமாரான ஜோடியில். கையில் ராஜா ஜோடி, ஃப்ளாப்பில் ஏஸ், 8, 3 விழுந்தால் செக் நல்லது. எதிராளியிடம் ராணி, ஜாக்கி இருந்தால் டர்ன், ரிவர் (நடுவில் விரிக்கும் நான்காவது, ஐந்தாவது சீட்டு) இரண்டுமே அவருக்கு ஒத்து வந்தால்தான் உண்டு. இலவசமாக ஒரு சீட்டு காட்டுவதில் பயமில்லை. பெட் வைத்தால் கால் செய்பவர்களில் பெரும்பாலோர் ஏஸ் வைத்திருப்பவர்கள். ஆனால் கையில் 7 ஜோடி, ஃப்ளாப்பில் 9, 5, 3 என்றால் பெட் வைத்தே ஆக வேண்டும். அதே ராணி, ஜாக்கிக்கு இப்போது ஆறு சீட்டு உதவும். ரிவருக்குள் நான்கில் ஒரு தடவை உங்களைத் தாண்டிவிடுவார். அவரை அங்கேயே கவிழ்க்க வைப்பது பெரிய லாபம்.

ஃப்ளாப்பில் கால் வந்துவிட்டால் டர்னில் வெறும் கையோடு இழுக்காதீர்கள். ஒரே சின்னத்தில் நாலு சேர்ந்து ஃப்ளஷ்ஷுக்கு ஒன்றே பாக்கி என்றால் ரிவரில் கிடைக்க ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்பு. அப்போது இன்னொரு பெட் தாங்கும். ஆனால் டர்னில் எப்போதும் அடங்கிப்போகிறவர் என்று தெரிந்துவிட்டால், ஃப்ளாப்பில் எதை வைத்தும் உங்களைக் கால் செய்வார்கள். அதனால் நல்ல கையோடும் சில தடவை டர்னில் செக் சொல்லுங்கள்.

எதிரில் மூன்று பேர் இருந்தால் தனித்தனியே பாதித் தடவை கவிழ்ப்பவர்களானாலும், மூவரும் சேர்ந்து கவிழ்ப்பது எட்டில் ஒன்றுதான். காசில்லாத மேசையில் அதுவும் நடக்காது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அடுத்த சீட்டைப் பார்க்கும் ஆசையிலேயே கால் செய்வார்கள். அங்கே வெறும் கைக்குப் பெட்டே வேண்டாம். நல்ல ஜோடிக்கு நடுவில் இருப்பதில் பாதி வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகப் பழக வேண்டுமென்றால், சில்லு தீர்ந்தவருக்கு மறுபடி சில்லு கிடையாது, அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது என்று வையுங்கள். அரைமணி நேரத்தில் கவிழ்க்க ஆரம்பிப்பார்கள்.