அணுமின்சாரமா, காற்றாலையா: விவாதத்தில் வரும் ‘நிறுவுதிறன்’ என்றால் என்ன?

நிறுவுதிறன் என்பது ஒரு மின்நிலையம் முழு அளவில் இயங்கும்போது தரக்கூடிய உச்ச மின்சாரமே தவிர, அது ஆண்டு முழுவதும் தருவது அன்று. கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அணுஉலை, எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் நிறுத்தும் காலம் நீங்கலாக, இரவு பகலாக ஏறக்குறைய ஒரே அளவில் இயங்கக்கூடியது. அதே தென்கோடியில் உள்ள முப்பந்தல் காற்றாலைகளோ, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விசையுடன் சுழன்று, காற்று ஓய்ந்த நாட்களில் இறக்கை அசையாமல் நிற்கும்.

இது வற்றாத கிணற்றையும் மழைக்காலக் காட்டாற்றையும் ஒப்பிடுவது போன்றது. காட்டாற்று நீரைத் தேக்க அணை வேண்டும். காற்று மின்சாரத்துக்குச் சேமிப்பு வேண்டும். அந்தச் செலவையும், அணுக்கழிவைப் பல தலைமுறைகள் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே கணக்கிடுவதுதான் நேர்மை.

காற்று நின்றால் காற்றாலை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது சுழலும் ஒவ்வொரு மணி நேரமும் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி மிச்சமாகிறது.