'என்னிடம் இல்லை' என்ற வசதி

அன்புள்ள ஐயா,

என்னோடு 11 வருடம் வேலை பார்த்தவருக்குப் போன வருடம் லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தது. அப்புறம் வேலையை விட்டார், வீடு மாறினார், போன் நம்பரையும் மாற்றிவிட்டார். லாட்டரி விழுந்தவர்களில் 70 சதவீதம் பேர் சில வருடங்களில் ஓட்டாண்டி ஆகிவிடுவதாகப் படித்தேன். திடீர்ப் பணம் மனிதனைக் கெடுத்துத்தான் தீருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 70 சதவீதம். அமெரிக்காவில் ஒரு நிதிக்கல்வி அமைப்பின் பெயரைச் சொல்லி ரொம்ப நாளாகச் சுற்றிவந்த கணக்கு அது. 2018-ல் அந்த அமைப்பே 'இது எங்கள் ஆய்வு இல்லை' என்று சொல்லிவிட்டது. ஸ்வீடனில் பெரும் பரிசு பெற்றவர்களைப் பல வருடம் கழித்து விசாரித்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. அவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடித்தான் இருந்தது. ஆனாலும் 'விழுந்தது, அழிந்தான்' கதைதான் நமக்குப் பிடிக்கிறது. நமக்கு விழவில்லையே!

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். கையில் காசில்லாதவனுக்கு ஒரு வசதி உண்டு. யாராவது கடன் கேட்டால் 'என்கிட்டயே இல்லையே' என்று சொல்லிவிடலாம். கேட்டவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. பரிசு விழுந்த அன்றே அந்த வசதி போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு 'இல்லை'யும் 'உனக்கு இல்லை' என்றுதான் காதில் விழும். கொடுத்தாலும் நிம்மதியில்லை. தங்கைக்கு இவ்வளவு, மச்சானுக்கு அவ்வளவு என்றால், யார் தனக்கு எத்தனை வேண்டியவர் என்று விலைச்சீட்டு ஒட்டியது போல ஆகிவிடும். உழைத்துச் சேர்த்த பணமென்றால் 'பாடுபட்டது' என்று சொல்லவாவது வாய் உண்டு. சும்மா வந்ததை என்ன சொல்லி மறுப்பது?

பக்கத்து வீட்டுக்காரர்களும் தப்புவதில்லை. கனடாவில் ஒரு மாகாணத்தில் பார்த்திருக்கிறார்கள்: பரிசு எவ்வளவு பெரிதோ, அந்த அளவுக்கு அக்கம்பக்கத்தில் திவாலாகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அப்படித் திவாலானவர்களிடம் கார், வீடு என்று வெளியே தெரிகிற சொத்துகள்தான் கூடுதலாக இருந்தனவாம். விழுந்தது ஒருவருக்கு, கடன் வாங்கியது இன்னொருவர்!

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நம்பரை மாற்றுவதற்கு முன் கடைசியாக அவரை எதற்காகக் கூப்பிட்டீர்கள்?