கீயில் 1.1, என் தாளில் 1.09: பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் கேள்வி-பதில்

தேர்வு முடிந்த அன்று மாலையே மூன்று நான்கு பயிற்சி மையங்களின் கீ ஆன்சர் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அவற்றில் பெரும்பாலும் இறுதி விடை மட்டும்தான் இருக்கும். திருத்தும் முகாமில் ஆசிரியர் கையில் இருப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விடைக்குறிப்பு. அதில் படிப்படியாக மதிப்பெண் பிரித்திருப்பார்கள். கீழே உள்ள குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

ஒரு மார்க் கேள்வியில் விடையைச் சரியாக எழுதிவிட்டு, குறியீட்டை மட்டும் (இ)-க்குப் பதில் (ஆ) என்று போட்டுவிட்டேன். மார்க் உண்டா?

கிடைக்காது. குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளே சொல்கிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் பூஜ்ஜியம் என்பது இயற்பியல் விடைக்குறிப்பில் வழக்கமாக இடம்பெறும் வரி. என்ன எழுதினோம் என்று நினைவில்லாத ஒரு மார்க் கேள்விகளை ‘சரி’ கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

கம்பியை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை எத்தனை மடங்கு? ஒரு கீயில் 2, இன்னொன்றில் 4. எதை நம்புவது?

4. இழுக்கும்போது கம்பியின் பருமன் (கன அளவு) மாறாது. நீளம் இரட்டிப்பானால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். நீளத்தால் இரண்டு மடங்கு, பரப்பால் இரண்டு மடங்கு, ஆக நான்கு. கீ போட்டவர் அவசரத்தில் பரப்பை மறந்திருப்பார். அதே தடிமனில் இரண்டு மடங்கு நீளமுள்ள வேறொரு கம்பி என்று கேட்டிருந்தால்தான் 2 சரி. அதனால் வினாவை ஒருமுறை மறுபடி வாசித்துவிடுங்கள்.

கீக்கள் முரண்பட்டால் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பயனில்லை. பாடநூலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கேள்வியே பிழையாக இருந்தால், முயன்றவர்களுக்கு மதிப்பெண் தரும்படி விடைக்குறிப்பில் சேர்ப்பதும் உண்டு. அதற்கு வினா எண்ணைப் போட்டு ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

400 நானோமீட்டர் ஒளி, வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட். நிறுத்து மின்னழுத்தம் எனக்கு 1.09 வந்தது, கீயில் 1.1. அரை மார்க் போகுமா?

போகாது. பிளாங்க் மாறிலியை 6.6 × 10⁻³⁴ என்று வைத்தால் போட்டானின் ஆற்றல் 3.09 எலக்ட்ரான் வோல்ட். 6.626 என்று வைத்தால் 3.10. இவற்றிலிருந்து வெளியேற்று ஆற்றல் 2-ஐக் கழித்தால் 1.09, 1.10. மாறிலியை எத்தனை இலக்கத்துக்கு எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்த வேறுபாடுதான் இது. திருத்துபவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. கேட்டது மின்னழுத்தம், ஆகவே அலகு வோல்ட். ‘1.1 எலக்ட்ரான் வோல்ட்’ என்று எழுதினால் அது எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். எண் ஒன்றாகவே இருப்பதால் பலர் இதைக் கவனிக்காமல் ‘சரி’ போட்டுக்கொள்கிறார்கள். நானோமீட்டரை 10⁻⁹ ஆக மாற்ற மறந்தவர்களுக்கு விடை பல கோடி மடங்கு பிசகும். அதைக் கண்டுபிடிக்கக் கீயே தேவையில்லை.

முதல் வகை வினை 40 நிமிடத்தில் 80 சதவீதம் முடிகிறது, வினைவேக மாறிலி கேட்டார்கள். சூத்திரம் சரி, விடை தவறு. எவ்வளவு கிடைக்கும்?

இந்தக் கணக்கில் நடக்கும் தவறு அநேகமாக ஒன்றேதான். 80 சதவீதம் முடிந்தது என்றால் மீதம் 20. ஆகவே லாக் எடுக்க வேண்டியது 100/20, அதாவது 5-க்கு: 0.6990. இதை 2.303-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 0.0402, அலகு நிமிடம்⁻¹. மீதத்துக்குப் பதில் 80-ஐப் போட்டவர்களுக்கு லாக் 1.25, அதாவது 0.0969, விடை 0.0056 என்று வரும். உங்கள் தாளில் இந்த எண் இருந்தால் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

மதிப்பெண் பெரும்பாலும் சூத்திரம், பிரதியிடல், அலகோடு விடை என்று பிரியும். சூத்திரத்துக்கு உரியது கிடைக்கும். பிரதியிடலும் விடையும் போகும். சூத்திரம் எழுதாமல் நேராக எண்களைப் போட்டுச் சரியாக முடித்தவர்கள் பதற வேண்டாம். மீதமுள்ள சரியான படிகளுக்கு மதிப்பெண் தரச் சொல்லும் குறிப்பு இயற்பியல் விடைக்குறிப்பில் உண்டு. சூத்திரமும் இல்லை, பிரதியிடலும் விடையும் தவறு என்றால்தான் கைக்கு எதுவும் வராது.

அலகையும் பாருங்கள். முதல் வகை வினையின் மாறிலிக்கு ‘மோல் லிட்டர்⁻¹’ வராது.

0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 3.30 என்று எழுதினேன். கீயில் 2.70.

கீ சரி. 0.002 என்பது 2 × 10⁻³. பி.எச். = 3 − 0.3010 = 2.699. நீங்கள் 0.3010-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டீர்கள். மடக்கை அட்டவணை பார்ப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இது. கால்குலேட்டர் இல்லாத தேர்வில் விடையை ஒரு பார்வையில் சோதித்துக்கொள்ளலாம்: 0.001 மோலாரின் பி.எச். 3. அதைவிடச் செறிவு கூடினால் பி.எச். 3-க்குக் கீழேதான் இறங்க வேண்டும்.

10⁻⁷ மோலார் அமிலத்துக்கு நான் 7 என்று எழுதினேன், நண்பன் 6.70, ஒரு அகாடமி 6.79. மூன்றில் எது?

7 உறுதியாகத் தவறு. அமிலம் சேர்த்த பிறகும் கரைசல் நடுநிலையாக இருக்கிறது என்றாகிவிடும். இவ்வளவு நீர்த்த கரைசலில் நீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தூய நீரின் 10⁻⁷-ஐ அப்படியே கூட்டினால் 2 × 10⁻⁷, பி.எச். 6.70. ஆனால் அமிலம் இருக்கும்போது நீர் அயனியாவது சற்றுக் குறையும். அதையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகத் தீர்த்தால் 1.62 × 10⁻⁷, பி.எச். 6.79. துல்லியமானது இதுதான். தேர்வுக் கணக்கில் விடைக்குறிப்பு பாடநூல் தீர்த்துக் காட்டும் முறையை ஒட்டியே வரும் என்பதால், நண்பனின் தாளை உடனே தவறு என்று அடிக்க வேண்டாம்.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துத்தநாகமும் தாமிரமும் கொண்ட டேனியல் மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திட்ட மின்னியக்கு விசை 1.10 வோல்ட். துத்தநாக அயனி 0.1 மோலார், தாமிர அயனி 0.01 மோலார் என்றால், துத்தநாகத்தை மேலேயும் தாமிரத்தைக் கீழேயும் வைத்த விகிதம் 10, லாக் 1. மாறும் எலக்ட்ரான் 2. ஆகவே 1.10 − 0.0591/2 = 1.07 வோல்ட். தலைகீழாகப் போட்டவர்களுக்கு 1.13 வரும். துத்தநாக அயனி வினைவிளைபொருள். அது கூடுதலாக இருந்தால் வினைக்கு முன்னோக்கிச் செல்லும் உந்தல் குறையும், மின்னியக்கு விசையும் குறையும். 0.0591-ஐ 2-ஆல் வகுக்க மறந்தவர்களுக்கு 1.04.

அணைவுச் சேர்மப் பெயரில் ‘குளோரோ’ என்று எழுதினேன், கீயில் ‘குளோரிடோ’. தவறா?

வேதிப் பெயரிடும் விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயுபிஏசி 2005-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி குளோரிடோதான். பழைய கைடுகளில் படித்தவர்களுக்குக் குளோரோ வருகிறது. அதைவிடப் பெரிய தவறு ‘அம்மீன்’ என்பதை ‘அமீன்’ என்று எழுதுவது. அம்மோனியா ஈனியாக, அதாவது மைய உலோகத்தோடு இணைந்து இருந்தால் அம்மீன். அமீன் என்பது கரிமச் சேர்ம வகை. ஒரு எழுத்துதானே என்று விட முடியாது.

தமிழ் வழியில் எழுதுபவர்கள் கவனிக்க: ஈனிகளை வரிசைப்படுத்துவது அவற்றின் ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில். டை, ட்ரை, பென்டா போன்ற முன்னொட்டுகள் அந்த வரிசையில் சேராது. அதனால்தான் ‘பென்டாஅம்மீன்குளோரிடோ’ என்று அம்மீன் முதலில் வருகிறது.

இயற்பியலில் 24-ஆம் கேள்விக்குப் பதில் வேறு ஆறு கேள்விகளை எழுதிவிட்டேன்.

24 கட்டாய வினா. இரண்டு மார்க் வினாக்கள் உள்ள பகுதி இரண்டில் ஐந்துதான் கணக்கில் வரும், 12-க்கு அதிகபட்சம் 10. மூன்று மார்க் பகுதியில் 33-ஐ விட்டவர்களுக்கும் இதே கதை: 18-க்கு 15.

ஒரு மார்க் 11 சரி. மற்றதெல்லாம் சந்தேகம். பாஸ் ஆவேனா?

எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 வேண்டும், மொத்தத்தில் 100-க்கு 35. செய்முறை 20, அகமதிப்பீடு 10 முழுதாக வந்தாலும் இந்த 15 இல்லாமல் தேர்ச்சி கிடையாது. 11 உறுதி என்றால் இன்னும் 4 தேவை. இரண்டு மார்க் கேள்வி இரண்டு சரியாக இருந்தால் எல்லை வந்துவிட்டது. மொத்தம் 35 வருகிறதா என்று செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களோடு கூட்டிப் பாருங்கள். அடுத்த தேர்வு பாக்கி இருந்தால் இந்தக் கணக்கு போதும், ஐந்து மார்க் கேள்விகளைத் தோண்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

எதிர்பார்த்ததைவிட 6 குறைந்தால் மறுகூட்டலா, மறுமதிப்பீடா?

முதலில் விடைத்தாள் நகல். அது வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். விண்ணப்ப நாட்கள் குறைவு, முடிவு வந்த அன்றே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாக மதிப்பெண்களை நீங்களே கூட்டி, முகப்பில் உள்ள கூட்டலோடு ஒப்பிடுங்கள். பிறகு மதிப்பெண்ணே போடாமல் விட்ட விடை உண்டா என்று தேடுங்கள். நடுவில் ஒரு பக்கம் காலியாக விட்டு அடுத்த பக்கத்தில் தொடர்ந்த விடைகளும், கடைசிப் பக்கங்களில் எழுதியவையும்தான் கண்ணில் படாமல் போகக்கூடியவை. கூட்டலில் பிழை என்றால் மறுகூட்டல் போதும்.

விடைக்குறிப்பின் படிகள் உங்கள் தாளில் இருந்தும் மதிப்பெண் குறைந்திருந்தால்தான் மறுமதிப்பீடு. வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர் இல்லை, கதிர்ப் படத்தில் அம்புக்குறி இல்லை, வேதிச் சமன்பாடு சமன் செய்யப்படவில்லை என்றால் அங்கே குறைத்தது நியாயம். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் 200-க்கான கட் ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இந்த இரண்டு பாடங்களில் இரண்டு மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் ஒன்று ஏறும்.