வம்சாவளித் தாளும் சாம்பியன் பட்டங்களும்: நாய் வளர்ப்புக் கேள்வி - பதில்

கேள்வி: கோவையில் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். தொடக்கப்பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும், வயதான என் மாமியாரும் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு லாப்ரடார் குட்டியைப் பார்த்து வைத்திருக்கிறோம். விற்பவர் காட்டிய தாளில் தந்தை நாயின் பெயருக்கு முன்னால் ‘இந்தியன் சி.எச்.’ என்றும், தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘ஆம். சி.எச்.’ என்றும், கொள்ளுப்பாட்டி ஒருத்தியின் பெயருக்குப் பின்னால் ‘சி.டி.எக்ஸ்., ஜே.எச்.’ என்றும் அச்சிடப்பட்டுள்ளது. இதைக் காட்டியே மற்றவர்களைப் போல இரு மடங்கு விலை சொல்கிறார். இந்த எழுத்துகளுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா? - வாசகி, கோவை

பதில்: உண்டு; ஆனால் அவர் எதைக் காட்டி விலையை ஏற்றுகிறாரோ, அதில் உங்கள் வீட்டுக்குப் பயன்படுவது குறைவு. முதலில் தாளைப் படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் வழக்கப்படி, பெயருக்கு முன்னால் வருபவை பெரும்பாலும் சாம்பியன் பட்டங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் கீழ்ப்படிதல், வேட்டை, மோப்பம் போன்ற தேர்வுகளில் தேறியதற்கான பட்டங்கள். ‘ஆம். சி.எச்.’ என்றால் அமெரிக்கச் சாம்பியன். அதைப் பெற ஒரு நாய் 15 புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஒரு கண்காட்சியில் அது எத்தனை நாய்களை முந்துகிறது என்பதைப் பொறுத்து 1 முதல் 5 புள்ளிகள் வரை கிடைக்கும். அவற்றுள் 3 புள்ளியோ அதற்கு மேலோ தரும் பெரிய வெற்றிகள் குறைந்தது இரண்டு, இரு வேறு நடுவர்களின் கையால் பெற்றவையாக இருக்க வேண்டும். பிரிட்டனில் கணக்கு வேறு. அங்கே மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் மூன்று ‘சேலஞ்ச் சான்றிதழ்கள்’ பெற வேண்டும். அவற்றுள் குறைந்தது ஒன்று நாய்க்கு ஒரு வயது நிறைந்த பிறகு கிடைத்ததாக இருக்க வேண்டும். ‘இந்தியன் சி.எச்.’ என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதாவது கே.சி.ஐ., அங்கீகரித்த கண்காட்சிகளில் வென்று பெறுவது.

இவை யாவும் எளிதில் கிடைக்கும் பட்டங்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கண்காட்சி வளையத்துக்குள் நடுவர் பார்ப்பது என்ன? தலையின் வார்ப்பு, பல் வரிசை, தோள்பட்டையின் சாய்வு, ரோமத்தின் அடர்த்தி, லாப்ரடாராக இருந்தால் அடி பருத்து நுனி மெலிந்த வால், ஓடும்போது கால்கள் நேராக விழுகின்றனவா என்பவை, அதாவது அந்த இனத்துக்கென்று எழுதி வைத்த இலக்கணத்துக்கு இந்த நாய் எவ்வளவு பொருந்துகிறது என்பதே. அறிமுகமில்லாத நடுவர் வாயைத் திறந்து பார்க்கும்போது உறுமுகிற நாயும், பயந்து பின்வாங்குகிற நாயும் வெற்றி பெறுவது கடினம் என்பதால், குணத்தைப் பற்றிய ஒரு சிறு சோதனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். மற்றபடி, பூட்டிய வீட்டில் நான்கு மணி நேரம் தனியாக இருக்குமா, பிள்ளை காதைப் பிடித்து இழுத்தால் என்ன செய்யும், ஊன்றுகோலுடன் நடக்கும் பெரியவர்மீது தாவுமா என்பவை வளையத்துக்குள் கேட்கப்படாத கேள்விகள்.

உங்கள் தாளில் உண்மையிலேயே என் கவனத்தை ஈர்ப்பது அந்தக் கொள்ளுப்பாட்டிதான். சி.டி.எக்ஸ். என்பது கீழ்ப்படிதலில் இரண்டாம் நிலைப் பட்டம். மொத்தம் 200 மதிப்பெண்ணுக்கு 170-க்குக் குறையாமல் மூன்று முறை எடுத்தால்தான் கிடைக்கும். கழுத்துவார் பிடிக்காமலே உடன் நடப்பது, எறிந்த பொருளைத் தடை தாண்டி எடுத்துவந்து கையில் கொடுப்பது போன்றவை அதில் உண்டு. ஜே.எச். என்பது வேட்டைத் துணை நாய்களுக்கான தொடக்கநிலைத் தேர்வு. பழக்கினால் பழகுகிற நாய் அவள் என்பதற்கு இவை சான்று. சங்கடம் என்னவென்றால், மூன்று தலைமுறைத் தாளில் தாய் தந்தை 2, தாத்தா பாட்டிகள் 4, அவர்களுக்கு முந்தையோர் 8 என மொத்தம் 14 பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கடைசி வரிசையில் இருக்கும் ஒருத்தியின் பங்கு உங்கள் குட்டியில் சராசரியாக எட்டில் ஒன்றுதான். பட்டம் வென்ற நாயோடு பட்டம் முடிந்துவிடுகிறது. குட்டிக்குப் போவது மரபணுக்களின் ஒரு பகுதி மட்டுமே.

நீங்கள் எழுதியதில் தாய் நாயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விற்பவரும் சொல்லியிருக்க மாட்டார். குடும்பத்துக்கான குட்டி என்றால் நான் முதலில் பார்ப்பது தாயைத்தான். அவளிடமிருந்து பாதி மரபணு வருகிறது என்பது ஒரு பக்கம். கண் திறந்த நாளிலிருந்து எட்டு வாரம் வரை குட்டிகள் அவளைப் பார்த்துத்தான் உலகத்தைக் கற்கின்றன என்பது மறுபக்கம். அழைப்பு மணி அடித்ததும் அவள் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறாளா, கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாளா, சிறிது நேரம் பழகிய பின் குட்டிகளுக்கு அருகில் உங்களை விடுகிறாளா என்று கவனியுங்கள். குட்டி ஈன்ற பெட்டை முதலில் கொஞ்சம் குரைப்பது இயல்பு. அரை மணி நேரம் கழித்தும் உடல் விறைத்து நிற்பது இயல்பு அல்ல. ‘தாய் வேறு ஊரில் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்’ என்று சொல்லும் இடத்தில், தாளில் எத்தனை சாம்பியன்கள் இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இரு மடங்கு விலைக்குத் தகுதியான தாள்கள் உண்டு. லாப்ரடாரில் இடுப்பு மூட்டுப் பிசகு பரவலாகக் காணப்படும் நோய். மூட்டுக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாக அமராமல் தேய்ந்து, நாளடைவில் நாய் எழுந்து நிற்கவே சிரமப்படும். தாய், தந்தை இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரித்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவில் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு 24 மாதம் நிறைந்த நாய்களுக்குத்தான் இறுதித் தரம் வழங்குகிறது. ஆகவே ஒரு வயதுகூட நிறையாத நாயின் எக்ஸ்ரேயைக் காட்டி ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்பது போதாது. அடுத்து, படிப்படியாகப் பார்வை போகும் விழித்திரைத் தேய்வு, கடுமையாக ஓடிய பின் பின்னங்கால்கள் துவண்டு விழும் நோய் ஆகிய இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை உண்டு. இவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். பெற்றோரில் ஒன்றுக்காவது அந்தப் பழுது அறவே இல்லை என்ற அறிக்கை இருந்தால் உங்கள் குட்டிக்கு அந்த வகை நோய் வராது. ‘இந்தியன் சி.எச்.’ தந்தைக்கு இந்த அறிக்கைகள் இருந்தால் பேரம் பேசாமலே வாங்கலாம். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் கோப்பைகளுக்கானது.

கேள்வி: கே.சி.ஐ. சான்றிதழ் இருந்தாலே அது சாம்பியன் பரம்பரை என்றுதானே பொருள்? - வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அது குட்டியின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. இன்ன தாய்க்கும் இன்ன தந்தைக்கும் பிறந்தது, இரண்டும் பதிவு பெற்ற நாய்கள் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. ஒரு பட்டமும் இல்லாத 14 பெயர்களோடும் சான்றிதழ் வரலாம், அதில் தவறொன்றும் இல்லை. நீங்கள் சரிபார்க்க வேண்டியது மைக்ரோசிப் எண்ணை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வருடிக் கருவியால் குட்டியின் கழுத்தருகே பார்த்தால் 15 இலக்க எண் தெரியும். அது தாளில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ‘பேப்பர் பின்னால் வரும்’ என்ற வாக்குறுதியை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து நீட்டுபவர் சட்டத்தையும் மீறுகிறார், குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்க வேண்டிய பாடத்தையும் பறிக்கிறார்.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்றின் தந்தை ஜெர்மனியிலிருந்து வந்ததாம். ‘வி.ஏ.’, ‘ஐ.ஜி.பி.3’ என்றும், இடுப்புக்கு ‘ஏ முத்திரை - நொக் ட்சுகெலாசன்’ என்றும் எழுதியிருக்கிறது. தாய்க்கு ‘எஸ்.ஜி.’ மட்டும்தான். முதன்முறையாக நாய் வளர்க்கப் போகிறேன். வாங்கலாமா? - வாசகர், மதுரை

பதில்: ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கத்தின் தர வரிசையில் ‘வி’ என்பது வளர்ந்த நாய்க்கான மிக உயர்ந்த தரம், ‘வி.ஏ.’ என்பது அதற்கும் மேலே, ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் தேசியப் பெருங்கண்காட்சியில் தேர்ந்தெடுத்த சில நாய்களுக்கு மட்டும் தருவது. ‘வி’க்கு அடுத்த தரமான ‘எஸ்.ஜி.’ என்பதைப் பார்த்துத் தாயை மட்டமாக எண்ணிவிட வேண்டாம்: இரண்டு வயது நிறையாத நாய்களுக்கு அதைவிட உயர்ந்த தரம் கொடுப்பதே இல்லை. அந்தப் பெட்டை எந்த வயதில் கண்காட்சிக்குச் சென்றது என்று கேட்டால் விஷயம் தெளிவாகிவிடும்.

ஐ.ஜி.பி. என்பது 2019 வரை ஐ.பி.ஓ. என்று வழங்கிய தேர்வு. மோப்பத் தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 3 என்பது உச்ச நிலை. காவல் பகுதியில், தடித்த கைக்கவசம் அணிந்து வருபவரின் கையைக் கவ்விப் பிடித்து, சொன்ன கணத்தில் விட வேண்டும். இதைக் கேட்டதும் அது கடிநாய் என்று அஞ்ச வேண்டியதில்லை. கட்டுக்குள் நிற்காத நாய் இதில் தேறவே முடியாது. எனினும் இந்தத் தேர்வில் சிறக்கும் நாய்களுக்கு வேலை செய்யும் வேகமும் வெறியும் மிகுதி. அது குட்டிகளுக்கும் வரும். காலையும் மாலையும் ஓட்டமும் பயிற்சியும் கொடுக்க நேரமில்லாத வீட்டில் அந்த வேகம் சோபாவின்மீதும் கதவின்மீதும்தான் இறங்கும். முதன்முறை வளர்ப்பவர் என்பதால் உங்களுக்கு நான் தேடச் சொல்லும் எழுத்துகள் வேறு: ‘பி.எச்.’ இது ஐ.ஜி.பி.க்கு முன்னால் எழுத வேண்டிய தேர்வு. சாலையில் மிதிவண்டிகள், ஓடுபவர்கள், பிற நாய்கள் நடுவே நாய் நிதானமாக நடக்கிறதா என்பதும் அதில் உண்டு. அமெரிக்கத் தாள்களில் இதற்கு நெருக்கமானது ‘சி.ஜி.சி.’ அந்நியர் வந்து கைகுலுக்குவது, கூட்டத்தில் நடப்பது, கூப்பிட்டதும் வருவது, வளர்ப்பவர் கண்ணில் படாமல் மூன்று நிமிடம் இருப்பது என 10 சோதனைகள். கண்காட்சி அரங்கில் யாரும் இதற்குக் கைதட்டுவதில்லை, வீட்டுக்கோ இதுதான் தேவை.

இனி இடுப்பு. அந்த ‘ஏ முத்திரை’க்குள் மூன்று படிகள் இருக்கின்றன: இயல்பு, ஏறத்தாழ இயல்பு, ‘நொக் ட்சுகெலாசன்’. மூன்றாவதற்கு ‘இன்னும் அனுமதிக்கத் தக்கது’ என்று பொருள். எல்லைக்கோட்டில் நின்று தேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை இந்தப் படியில் இருப்பதால் தாய் முதல் படியில் இருப்பது அவசியம். அவளுக்கு அறிக்கையே இல்லையென்றால் விட்டுவிடுவதே நல்லது. பட்டமும் உடல்நலமும் எப்போதும் ஒரே வழியில் போவதில்லை என்பதற்கு இந்த இனமே உதாரணம்: 2016-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இந்த இனத்தில் முதலிடம் பெற்ற நாயின் சரிந்த முதுகையும் நடையையும் பார்த்துப் பொதுமக்களிடமிருந்து பெரும் கண்டனம் எழுந்தது. குட்டியின் பெற்றோர் நிற்பதைப் படத்தில் பார்க்காதீர்கள். தெருவில் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்.

கேள்வி: தாளில் ஒரே சாம்பியனின் பெயர் தந்தை வழியிலும் தாய் வழியிலும் வருகிறது. அச்சுப் பிழையா? - வாசகி, சேலம்

பதில்: பிழை அல்ல, வேண்டுமென்றே செய்வது. புகழ்பெற்ற ஆண் நாயின் தோற்றத்தை நிலைநிறுத்த அதன் வாரிசுகளையே இணை சேர்ப்பார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. அந்தப் பெயர் இரு பக்கமும் தாத்தா இடத்தில் இருந்தால், தாயும் தந்தையும் தகப்பன் வழியில் உடன்பிறந்தவர்கள். குட்டியின் உள்ளினக்கலப்பு அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ந்ததன் அளவு, குறைந்தது 12.5 விழுக்காடு. இரு பக்கமும் கொள்ளுத்தாத்தா இடத்தில் மட்டும் என்றால் சுமார் 3 விழுக்காடு. முதல் நிலையில் நான் தயங்குவேன், இரண்டாவதைப் பொருட்படுத்த மாட்டேன்.

கேள்வி: ராஜபாளையம் நாய் வாங்க விரும்புகிறோம். ஊரில் நல்ல நாய் என்கிறார்கள், ஆனால் பட்டமோ தாளோ எதுவும் இல்லை. எதை வைத்து முடிவு செய்வது? - வாசகர், விருதுநகர்

பதில்: ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகியவற்றை கே.சி.ஐ. பதிவு செய்கிறது; கண்காட்சிகளிலும் இவை பங்கேற்கின்றன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. ஆனாலும் ஊரில் கைமாறும் குட்டிகளில் பலவற்றுக்குத் தாள் இருக்காது. அங்கே தாயை நேரில் பார்க்கலாம், பல நேரம் தந்தையையும் பார்க்கலாம். சாம்பியன் பெயர்கள் நிறைந்த பல தாள்களைவிட அது மேல். காவலுக்கென்று வளர்த்து வந்த இனம் என்பதால் அந்நியரிடம் விலகியே நிற்கும். விருந்தினர் அடிக்கடி வந்துபோகும் வீடா உங்களுடையது என்று யோசித்துக்கொள்ளுங்கள். முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு என்பதால், குட்டிகள் உறங்கும்போது பின்னாலிருந்து, காற்றோ அதிர்வோ படாத தொலைவில், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். உடன்பிறந்தவை எல்லாம் தலை தூக்கும்போது ஒன்று மட்டும் உறங்கிக்கொண்டிருந்தால் அதைத் தனியே எடுத்து மீண்டும் சோதியுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். ஐயம் இருந்தால், ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின் துலங்கலை அளக்கும் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம்.