ரோமில் சாப்பாடு, தண்ணீர், சுற்றிப்பார்த்தல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ரோமுக்கு வருகிறவர்களில் பலர் எதையெல்லாம் பார்ப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எதை எந்த நேரத்தில் பார்ப்பது, எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று யோசிப்பதில்லை. இங்கே சமையலறைக்கு ஒரு நேரம், கோயிலுக்கு ஒரு நேரம், காட்சிக்கூடத்துக்கு ஒரு நேரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதியாகக் குறைந்துவிடும். இங்கே குடியிருப்பவள் என்ற முறையில், ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, குடும்பத்தோடு மூன்று நாள் வருகிறோம். பிற்பகல் நான்கு மணிக்குப் பசித்தால் உணவகமே திறந்திருக்காது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். மதியச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரை, இரவுச் சாப்பாடு 7.30க்கு மேல். இடையில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். நாள் முழுவதும் முழுச் சாப்பாடு என்று, வாசலில் படம் போட்ட பலகையுடன் ஆள் நின்று கூப்பிடும் கடைகள் உண்டு. அவற்றைக் கடந்து இரண்டு தெரு தள்ளிப் போங்கள். கொலோசியத்தையும் திரெவி நீரூற்றையும் பார்த்தபடி இருக்கும் மேசைகளில் காட்சிக்குத்தான் காசு கொடுக்கிறோம், சமையலுக்கு அல்ல.

இடைப்பட்ட நேரத்துக்கு ஒரு நல்ல வழி, வெட்டி விற்கும் பீட்சா. கண்ணாடிக்குப் பின்னால் நீண்ட செவ்வகத் தட்டுகளில் வகைவகையாக வைத்திருப்பார்கள். வேண்டியதைக் காட்டினால், கடைக்காரர் கத்தியை அதன்மேல் நகர்த்தி "இவ்வளவு போதுமா?" என்று கண்ணாலேயே கேட்பார். தலையசைத்தால் கத்தரிக்கோலால் நறுக்கி, எடை போட்டு, சூடாக்கித் தாளில் வைத்துத் தருவார். எடைக்குத்தான் விலை. ஒரே வகையில் பெரிய துண்டு வாங்காமல், மூன்று வகையில் சின்னத் துண்டுகளாக வாங்குங்கள். குழந்தைகளுக்கும் பிடிக்கும், நின்றுகொண்டே சாப்பிட்டுவிடலாம்.

நானும் என் அம்மாவும் சுத்த சைவம். முட்டையும் சாப்பிட மாட்டோம். பட்டினிதானா?

பட்டினி இல்லை அம்மா. ஆனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், உள்ளே என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

ரோமின் பெயர்பெற்ற பாஸ்தாக்கள் நான்கு. கார்போனாராவில் பன்றிக் கன்னத்து இறைச்சியும் முட்டையும் சேரும். அமாத்ரிச்சானாவிலும் கிரிச்சாவிலும் அதே இறைச்சி உண்டு. மிஞ்சுவது காச்சோ எ பேப்பே. ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். நாம் பெருமையோடு சாப்பிடக்கூடிய உணவும் இதுதான். முசிறித் துறையிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு யவனக் கப்பல்கள் கிளம்பியது இந்த நகரத்துக்காகத்தான். முதலாம் நூற்றாண்டில் பேரரசர் தொமீஷியன் இங்கே மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். பிற்காலத்தில் அதன்மேல் எழுந்ததுதான் பழைய ரோமானியர்களின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் ஓரத்தில் இன்றும் நிற்கும் மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்ற பெருமண்டபம். அந்தப் பிரம்மாண்டமான வளைவுகளைப் பார்த்துவிட்டு வந்து மிளகுப் பாஸ்தா சாப்பிடும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இதில் சேரும் பெகொரினோ ரொமானோ சீஸைத் திரட்டுவதற்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்துகிறார்கள். பார்மெசான் சீஸில் கன்றினுடையது. அதையும் தவிர்ப்பவர்கள் என்றால் சீஸே இல்லாத பீட்சா மரினாராவைக் கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான்.

காய்கறி என்று நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். பார்க்க நம் வீட்டு பஜ்ஜி போலவே இருக்கும், உள்ளே சீஸோடு நெத்தலி வகை மீன் வைத்திருப்பார்கள். புந்தரெல்லே என்ற பச்சைக் கீரை சாலட்டின் மேல் ஊற்றும் கரைசலிலும் அதே மீன்தான். சுப்ளி என்ற அரிசி உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு சேர்ந்திருக்கும். சூப்பும், ரிசோட்டோ என்ற குழைந்த அரிசி உணவும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்பட்டிருக்கலாம். "சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீனும் முட்டையும் அதில் அடங்கும் என்று எல்லாப் பரிமாறுபவர்களுக்கும் தோன்றாது.

குளிர்காலத்திலோ இளவேனிலிலோ வந்தால், பழைய யூதர் குடியிருப்புப் பகுதியில் ஆர்டிசோக் என்ற மொட்டு வடிவக் காயை முழுசாக எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். இதழ்கள் விரிந்து அப்பளமாக நொறுங்கும், நடுப்பகுதி மென்மையாக இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? பாட்டில் தண்ணீர் வாங்கியே பணம் கரைந்துவிடும் போலிருக்கிறதே.

தாராளமாகக் குடிக்கலாம். இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்ததே தண்ணீர்தான். தெருவோரங்களில் இடுப்பளவு உயரத்தில், இரும்பில் வார்த்த உருளைகள் நிற்கும். வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நசோனி என்பார்கள். 1874ல் தொடங்கியது, இன்று நகரத்தில் சுமார் 2,500 உண்டு. அந்தக் குழாயின் வளைவின் மேல்பக்கம் சின்னத் துளை ஒன்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே பீறிட்டு வரும். குனியாமல் வாய் வைக்காமல் குடித்துக்கொள்ளலாம். முதன்முதலாகக் குழந்தைகளுக்குக் காட்டினால், அடுத்த அரை மணி நேரம் அங்கிருந்து நகர மாட்டார்கள். காலிப் பாட்டில் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

திரெவி நீரூற்றுக்கு வரும் தண்ணீரின் பாதை இன்னும் பழையது. பழைய ரோமின் தளபதி அக்ரிப்பா கி.மு. 19ல் கொண்டுவந்த கால்வாயின் வழிதான் அது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஓடுகிறது. நீரூற்றைக் கட்டி முடித்தது 1762ல். அதன் விளிம்பில் உட்காரவோ காலை நனைக்கவோ கூடாது, அபராதம் உண்டு. காசு போடலாம். அவற்றைச் சேகரித்து கரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். விடியற்காலையில் போனால் தண்ணீரின் ஓசையைக் கேட்க முடியும், காலை பத்து மணிக்கு மேல் மனிதர்களின் ஓசைதான்.

காபி?

இங்கே பார் என்றால் காபிக் கடை. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சுற்றுலாப் பகுதிகளில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் காபி போடுகிறவரிடம் கொடுக்க வேண்டும். காபி என்று மட்டும் கேட்டால் எஸ்பிரெசோ வரும், இரண்டு மடக்கு. பால் வேண்டுமானால் கப்புச்சினோ கேளுங்கள். அதைக் காலையில்தான் குடிப்பார்கள், மாலையில் கேட்டாலும் தருவார்கள். டீ கேட்டால் வெந்நீரும் பொட்டலமும்தான் வரும். எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

தங்கையே, ஓய்வு பெற்றவன் நான். பில்லில் என்னென்னவோ சேர்த்துவிடுகிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ஐயா, ரொட்டிக்கு ஒரு சின்னத் தொகை தனியாக வரலாம். அது வழக்கம்தான், ஆனால் விலைப்பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். ரொட்டி வேண்டாம் என்றால் கொண்டுவந்து வைத்தவுடனே சொல்லிவிடுங்கள். சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் டிப்ஸ் தேவையில்லை. சேர்க்காவிட்டாலும் கட்டாயம் கிடையாது, மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது மீன். விலைக்குப் பக்கத்தில் "எத்தோ" என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழு மீனும் 600 கிராம் இருந்தால் ஆறு மடங்கு ஆகும். மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே சமைக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கும் விடுதியில் நகர வரி தனி. ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

கொலோசியத்துக்கு அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். டிக்கெட் பெயர் போட்டுத் தருவார்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். சுமார் ஒரு மாதம் முன்பே இணையத்தில், அதிகாரபூர்வத் தளத்தில் எடுத்துவிடுங்கள். அதே டிக்கெட்டில் ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடக்கம். குன்றுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கோடையில் மதியம் அங்கே ஏற முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். முன்பதிவு கிடையாது, வரிசை மிக நீளம். மூன்றே நாள் வருகிறவர்கள் அந்த இலவசத்துக்கு ஆசைப்பட்டு அரைநாளை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வத்திக்கானுக்கு எந்த நாள் நல்லது?

புதன்கிழமை காலையில் சதுக்கத்தில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடக்கும். அவரைப் பார்க்க விரும்பினால் அன்று போங்கள், ஆனால் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைய மதியம்வரை காத்திருக்க வேண்டும். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் நெரியும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். ஒரு துப்பட்டா கையில் இருந்தால் போதும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. சுவரோரம் இருக்கும் பலகையில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, நிதானமாக அண்ணாந்து பாருங்கள்.

பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் போனாலும் 320 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். மேலே போகப் போகச் சுவர் சாய்ந்துகொண்டே வரும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.

மாணவன் நான். கையில் பணம் குறைவு. நல்ல கலைப்படைப்புகளைக் காசில்லாமல் பார்க்க வழி உண்டா, அக்கா?

தம்பி, ரோம் உனக்காகவே இருக்கும் ஊர். பியாட்சா நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. இடதுபக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜியோவின் மூன்று படைப்புகள், புனித மத்தேயுவைப் பற்றியவை. அவற்றில் ஒன்று அவரை இயேசு அழைக்கும் காட்சி. வலதுபுறமிருந்து ஒளி சாய்ந்து விழுகிறது, இயேசுவின் கை நீண்டிருக்கிறது. மேசையின் இடது கோடியில் ஒரு இளைஞன் மட்டும் தலை நிமிராமல் நாணயங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தை மட்டும் ஐந்து நிமிடம் பார். அடுத்து சாந்த் அகொஸ்தீனோவில் ஒன்று, சாந்தா மரியா தெல் போப்பலோவில் இரண்டு என்று அதே கைவண்ணத்தை நடந்தே பார்த்துவிடலாம். சில இடங்களில் விளக்கு எரிய நாணயம் போட வேண்டும், சில்லறை வைத்துக்கொள். பெரிய பசிலிக்காக்களைத் தவிர மற்ற தேவாலயங்கள் பெரும்பாலும் 12.30க்கு மூடிவிட்டு, மூன்றரை நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு, தொடங்கியபோது 5 யூரோ. அதற்கு மட்டும் செலவு செய். 43.3 மீட்டர் அகலக் குவிமாடம், தரையிலிருந்து உச்சியின் உயரமும் அதே அளவு. இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் இன்றுவரை இதைவிடப் பெரிய குவிமாடம் உலகில் இல்லை. உச்சியில் திறந்த வட்டம் இருப்பதால் மழை உள்ளே பெய்யும். தரை லேசாகக் குவிந்திருப்பதையும் தண்ணீர் வடியும் துளைகளையும் தேடிப் பார்.

எழுபது வயது அப்பாவுக்கு முழங்கால் வலி. சமாளிக்க முடியுமா?

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம் என்று வைத்துக்கொண்டால் முடியும். தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்கள் மேடுபள்ளமானவை, மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு ஆகவே ஆகாது. கொலோசியத்தில் மின்தூக்கி உண்டு. வத்திக்கான் பேராலயத்துக்குள் நுழையும் வரிசையில் நாற்காலி கிடைக்காது, காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

அவருக்கு ஏற்ற இடம் போர்கேசே காட்சிக்கூடம். முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் அனுமதி, திங்கள் விடுமுறை. பெர்னினி செதுக்கிய அப்பல்லோவும் தாஃப்னேயும் சிலையைப் பின்பக்கத்திலிருந்து சுற்றிவரச் சொல்லுங்கள். ஓடும் பெண்ணின் விரல்நுனிகள் இலைகளாகவும் கால்விரல்கள் வேர்களாகவும் மாறிக்கொண்டிருக்கும். வெளியே வந்தால் பூங்காவில் நிழலும் இருக்கைகளும் உண்டு.

ஹலால் உணவு கிடைக்குமா?

கிடைக்கும். டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எஸ்குவிலினோ பகுதியில் வங்காளதேசத்தவர் நடத்தும் கடைகள் நிறைய. அங்குள்ள சந்தையில் நம் ஊர்க் காய்கறிகளும் மசாலாவும்கூட இருக்கும். இத்தாலிய உணவகங்களில் குழம்பிலும் பாஸ்தாவிலும் பன்றியிறைச்சி சேருவது சகஜம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிக்பாக்கெட் தொல்லை உண்டா?

உண்டு. மெட்ரோவின் ஏ வழித்தடமும், டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸும் அதற்குப் பெயர்போனவை. பாஸ்போர்ட் உடைக்குள்ளே இருக்கட்டும். பையை முன்பக்கம் மாட்டுங்கள். கையில் கயிறு கட்ட வருகிறவர்களுக்குக் கையைக் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு நல்ல ஐஸ்கிரீம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பிஸ்தாவைப் பாருங்கள். பளீரென்ற பச்சையாக இருந்தால் சாயம், மங்கிய பழுப்புப் பச்சைதான் நல்லது. வாழைப்பழம் வெளிறிய சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். மலைபோல் குவித்து அலங்கரித்த கடையைவிட, உலோக மூடிக்குள் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள்.

திரும்பும் நாள் வெள்ளிக்கிழமை. வேலைநிறுத்தம் வந்தால் விமான நிலையம் போவது எப்படி?

வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், வெள்ளியன்று வருவதும் அதிகம்தான். அப்போதும் நகரப் பஸ்ஸும் மெட்ரோவும் பொதுவாகக் காலை 8.30 வரையிலும் மாலை 5 முதல் 8 வரையிலும் ஓடும். டெர்மினியிலிருந்து ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்கு நேர் ரயில் 32 நிமிடத்தில் போய்விடும். டாக்சி என்றால் பழைய மதிலுக்கு உட்பட்ட பகுதியிலிருந்து விமான நிலையத்துக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்தான், பெட்டிகளுக்கும் சேர்த்து. வெள்ளை நிற வண்டியா, கதவில் நகராட்சிச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து ஏறி, கிளம்புமுன் தொகையைச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.