முன்பின் தெரியாதவர்களை மரண விளையாட்டில் மாட்டிவிடும் திகில் படங்களில், உங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது எது?

'கியூப்'தான். 1997இல் வந்த கனடா நாட்டுப் படம், இயக்குநர் வின்சென்சோ நடாலி. இந்த வகைப் படம் என்றாலே இப்போது எல்லோரும் 2021இல் வந்த கொரியத் தொடர் 'ஸ்குவிட் கேம்' பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் 2004இல் ஆரம்பித்த 'சா' வரிசை. இரண்டையும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் பயம் என்று வரும்போது என் ஓட்டு கியூபுக்குத்தான். ஏன் என்று சொல்லப்போனால் கதையும் கொஞ்சம் வெளியே வந்துவிடும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கனசதுரமான ஓர் இரும்பு அறை. நாலு சுவர், தரை, கூரை என்று ஆறு பக்கமும் கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே மாதிரி இன்னொரு அறை, நிறம் மட்டும் வேறு. சில அறைகள் சும்மா இருக்கும், சிலவற்றில் கால் வைத்தால் கதை முடிந்தது. ஒரு போலீஸ்காரன், ஒரு டாக்டரம்மா, கணக்குப் படிக்கும் ஒரு பெண், பல ஜெயில்களிலிருந்து தப்பித்த ஒரு கில்லாடி, இப்படிச் சிலர் அதற்குள்ளே கண் விழிக்கிறார்கள். யார் கொண்டுவந்து போட்டது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பூட்ஸைக் கயிற்றில் கட்டி அடுத்த அறைக்குள் வீசிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றால் உள்ளே குதிக்கிறார்கள். எல்லோருக்கும் சிறைச்சாலைகளின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்: குவென்டின், ஹாலோவே, ரென், கஸான்.

மற்ற படங்களில் ஆட்டம் நடத்த ஒருத்தன் இருப்பான். ஸ்குவிட் கேமில் கடன்பட்ட 456 பேரை ஆடவைத்துவிட்டு, தங்க முகமூடி போட்ட பணக்காரர்கள் சோபாவில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். 'சா'வில் ஜிக்சா. பார்க்கிற நமக்கும் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடும், மாட்டுவானா மாட்டுவானா என்று காத்திருக்கலாம். கியூபில் அந்த வசதி கிடையாது. டாக்டரம்மா அரசாங்கம், ராணுவம் என்கிறார். போலீஸ்காரன் யாரோ பணம் கொழுத்த பைத்தியக்காரன் வேலை என்கிறான். அதுவரை ஒட்டாமல் மூலையில் உட்கார்ந்திருந்த வொர்த் என்பவன் அப்போதுதான் வாயைத் திறக்கிறான். இந்தக் கட்டடத்தின் வெளிக்கூட்டை வரைந்து கொடுத்ததே அவன்தான்! யாருக்காக, எதற்காக என்று அவனுக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. ஆளாளுக்கு ஒரு துண்டு வேலை, போனில் பேச்சு, கைக்குச் சம்பளம். மேலே திட்டம் போட்டவர் என்று யாரும் இல்லை, கட்டிவிட்டோமே என்பதற்காக ஆட்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவன் சொல்வதன் சாரம். தலையில்லாத முண்டம். (எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால் கரண்டுக்கா, தண்ணிக்கா, கேபிளுக்கா என்று மூடும்வரை தெரியாது. வொர்த் பேசப் பேச எனக்கு அதுதான் ஓடியது.)

எனக்கு அந்த இடத்தில் வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் என் வேலை. சென்னை ராயபுரத்தில் லேத் பட்டறையில் இருக்கிறேன். எங்களுக்கு இரண்டு வகை வேலை வரும். ஒன்று, காசிமேட்டு விசைப்படகு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில் படகெல்லாம் கரையேறும், ஷாஃப்ட் ஷாஃப்டாக வந்து இறங்கும். உப்புத் தண்ணீர் அரித்து, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து போயிருக்கும். படகுக்காரர் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். "பாத்து செய் தம்பி, உள்ள என் புள்ளங்க போறாங்க" என்பார். யாருக்காகச் செய்கிறோம் என்று கைக்குத் தெரியும்.

இன்னொன்று கம்பெனி ஜாப் ஒர்க். டிராயிங்கின் ஜெராக்ஸ் மட்டும் வரும். கீழே கட்டத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெள்ளைப் பேப்பர் வைத்து மறைத்து எடுத்திருப்பார்கள். சைஸ், மெட்டீரியல், எத்தனை பீஸ், அவ்வளவுதான். ஒருமுறை உள்வட்டத்தில் சின்னச் சின்னப் பல்லாக வெட்டிய ஒரு வளையம் செய்தோம். புதிதாகச் சேர்ந்த பையன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எதுல மாட்டுவாங்கண்ணா?" என்றான். மேஸ்திரி அளவு பார்க்கும் வெர்னியரிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு இன்னாத்துக்குடா அது? சைஸ் வந்துச்சா பாரு" என்றார். சைஸ் வந்திருந்தது. அப்புறம் சாக்கில் கட்டி டெம்போவில் ஏற்றிவிட்டோம். வொர்த் பேசியது எனக்கு இதே பேச்சாகத்தான் கேட்டது.

படம் எடுத்த விதமும் பட்டறைக்காரனுக்குப் பிடிக்கும். முழுசாகக் கட்டியது 14 அடிக்கு 14 அடி ஒரே ஓர் அறைதான், நிறப் பலகைகளை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான அறையாகக் காட்டிவிட்டார்கள். ஆள் தொங்கினால் தாங்கும் கதவு அதில் ஒன்றே ஒன்று! இது தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் யார் எந்தக் கதவில் தொங்குகிறார்கள் என்றே கண் போகும்.

இரண்டாம் பாகம் 2002இலும், முன்கதையாக 'கியூப் ஜீரோ' 2004இலும் வந்தன. ஜீரோவில் கட்டுப்பாட்டு அறை, அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாம் காட்டிவிடுகிறார்கள். பயமே போய்விட்டது. 2021இல் ஜப்பான்காரர்களும் மறுபடி எடுத்தார்கள். எனக்கு முதல் படமே போதும்.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கதவிலும் மூன்று இலக்க எண்கள் மூன்று இருக்கும். பகா எண்ணோ அதன் அடுக்கோ வந்தால் அங்கே பொறி. கணக்குப் பெண் வொர்த்திடம் வெளிக்கூட்டின் அளவைக் கேட்டு, பக்கத்துக்கு 26, மொத்தம் 17,576 அறை என்று கணக்குப் போடும் இடம் அருமை. ஆனால் பிற்பாடு, இந்த எண்களைக் காரணிகளாகப் பிரித்துப் பார்ப்பது மனித மூளையால் ஆகாது என்று அதே பெண் கைவிரிக்கும், கூட மாட்டிய ஆட்டிசம் உள்ள கஸான்தான் பளிச் பளிச்சென்று சொல்லிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். தண்டையார்பேட்டையில் எட்டாவது படிக்கும் என் அக்கா பையனிடம் படத்தைக் காட்டாமல் கணக்கை மட்டும் சொன்னேன். "ஆயிரத்துக்குள்ளதானே மாமா? 31 வரைக்கும் இருக்கிற பகா எண்ணால வகுத்துப் பாத்தா போதும். மொத்தமே பதினொண்ணுதான்" என்றான். படத்தைக் காட்டு என்று அன்றிலிருந்து நச்சரிக்கிறான், அக்கா விடமாட்டாள்.