உங்களைக் கூப்பிட்டது யார்?

கேள்வி: இந்த ஆண்டு பொறியியல் முடித்துவிட்டேன். வேலையில் சேர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கம்போடியாவில் ஓர் அநாதை இல்லத்தில் மூன்று வாரம் தங்கிக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். விமான டிக்கெட் தவிர்த்துக் கட்டணம் 85,000 ரூபாய். முன் அனுபவம் தேவையில்லை, முடிவில் சான்றிதழும் உண்டு என்கிறார்கள். அப்பாவோ, "உள்ளூர்ல இல்லாத அநாதைங்களா? உதவணும்னா இங்கேயே செய்" என்கிறார். இளைஞர்கள் நாலு நாடு பார்க்க வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறவர் நீங்கள். அப்பாவுக்கு நாலு வார்த்தை சொல்லுங்களேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் நாலு வார்த்தையாக இருக்காது.

அப்பா வேண்டாம் என்பது சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. "உள்ளூரில் இல்லாததா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் உள்ளூரிலும் எதுவும் செய்வதில்லை (உங்கள் அப்பா விதிவிலக்காக இருக்கலாம்). தூரமாகப் போவது குற்றமில்லை. அமெரிக்காவில் நோயாளிகளே இல்லையா என்று ஐடா ஸ்கடரை யாராவது தடுத்திருந்தால் வேலூரில் சி.எம்.சி. வந்திருக்காது. ஆனால் அவர் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாமல், பிரசவத்தில் இறந்துபோனார்கள். அதைக் கண்ட இளம்பெண் ஐடா மறுநாளே ஏதோ தெரிந்த வைத்தியத்தோடு வீடு வீடாகக் கிளம்பிவிடவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பினார், மருத்துவம் படித்தார், 1899-இல் பட்டம் வாங்கினார், 1900-இல் வந்து வேலையைத் தொடங்கினார். 'முன் அனுபவம் தேவையில்லை' என்று யாரும் அவருக்கு விளம்பரம் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் விளம்பரத்துக்கு வருவோம். 85,000 ரூபாய் நீங்கள் கொடுக்கிறீர்கள். மூன்று வாரம் வேலையும் நீங்களே செய்கிறீர்கள். அப்படியானால் காசு வாங்குகிறவர் உங்களுக்கு விற்பது எதை? ஏழைக் குழந்தைகளுக்கு நடுவே நீங்கள் நிற்கும் அந்த மூன்று வாரத்தை. வாடிக்கையாளர் நீங்கள், சரக்கு அந்தக் குழந்தைகள். கேட்கக் கசப்பாக இருந்தால் கம்போடியாவின் கணக்கைப் பாருங்கள்.

லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட போல் பாட் ஆட்சி 1979-இல் கவிழ்ந்தபோது அந்த நாட்டில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். 2005 வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, தாங்களே தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2005-க்கும் 2010-க்கும் இடையில் அவை 75 சதவீதம் கூடின என்று யூனிசெஃப் சொன்னது. உள்ளே இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அந்த ஐந்தாண்டில் உண்மையில் பெருகியது சுற்றுலாப் பயணிகள்: சுமார் 14 லட்சத்திலிருந்து 25 லட்சம்.

நடக்கும் விதம் இதுதான். ஓர் ஆள் கிராமத்துக்குப் போகிறார். கடனில் மாட்டிய குடும்பமாகப் பார்த்து, "டவுன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடம், மூணு வேளைச் சாப்பாடு, எல்லாம் இலவசம்" என்கிறார். அனுப்பிவைக்கிறார்கள். எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? பிள்ளை போய்ச் சேரும் இல்லம் சியெம் ரீப், புனோம் பென் என்று வெளிநாட்டார் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கும். வருகிறவர் மனம் இளகினால்தான் அங்கே பணம் வரும். அதனால் ஒழுகும் கூரையை ஒழுகவே விட்ட இல்லங்கள் உண்டு. ராத்திரியில் பிள்ளைகளை ஆடவிட்டுப் பயணிகளிடம் நன்கொடை கேட்ட இல்லங்களும் உண்டு. எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் எது எப்படி என்று ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு விளம்பரத்தைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. 2011-இல் ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல' என்று ஒரு பிரச்சாரம் நடத்தியது. அதன் சுவரொட்டியில் பிள்ளைகள் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பார்கள், பயணிகள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள்.

நேபாளத்தில் இதைவிட மோசம். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் பிள்ளைகளைக் காப்பாற்றிக் காட்மாண்டுவில் படிக்கவைப்பதாகச் சொல்லித் தரகர்கள் பெற்றோரிடமே பணம் வாங்கினார்கள். கொண்டுபோய் இல்லங்களில் விட்டு, பெற்றோர் இறந்ததாகக் காகிதமும் தயார் செய்தார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளைகளை இல்லத்துக்குக் கடத்துவதையும் அடிமைமுறையில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது சும்மா இல்லை.

நீங்கள் போகும் இல்லம் நல்ல இல்லம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் நீங்கள் அக்கா. நாலாவது வாரம் வேறொரு அக்கா. அதற்கடுத்து ஓர் அண்ணன். போன உடனேயே முன்பின் தெரியாத உங்கள் மடியில் ஏறி உட்காரும் பிள்ளையைப் படம் எடுத்து, 'எவ்வளவு பாசம்!' என்று போடுவீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் போய்க்கொண்டே இருந்ததால் யாரையும் தன் ஆளாக நினைக்கத் தெரியாமல் போன பிள்ளையாக அது இருக்கலாம் என்று குழந்தை உளவியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி, திருப்பிப் போட்டு ஒரு கேள்வி. ஸ்வீடனிலிருந்து 21 வயதுப் பெண் ஒருத்தி சுற்றுலா விசாவில் வந்து, தமிழ் ஒரு வார்த்தை தெரியாமல், உங்கள் தெருப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைப் பிடித்துக்கொண்டால் அப்பாக்கள் சும்மா இருப்பார்களா? போலீஸ் சரிபார்ப்பு எங்கே, பி.எட். எங்கே என்று தலைமை ஆசிரியர் அறைக்கு முன்னால் கூட்டம் கூடிவிடாதா? ஈரோட்டுக் குழந்தைக்கு ஒரு நியாயம், கம்போடியாவின் கெமர் குழந்தைக்கு ஒரு நியாயமா?

ஆங்கிலப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் ஏ, பி, சி, டி-யிலிருந்து தொடங்கி, தலை தோள் முட்டி என்று தொட்டுக்காட்டும் பாட்டோடு முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அந்த 85,000 ரூபாயில் கெமர் மொழி தெரிந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்கலாம்.

உதவி வாங்கும் இடத்தில் நாமும் நின்றிருக்கிறோம். 2004 சுனாமியில் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட பழைய துணிகள் சீண்ட ஆளில்லாமல் சாலையோரம் மலையாகக் கிடந்தன. மீனவர் வீட்டுப் பெண்கள் அடுத்தவர் கிழிசலை ஏன் உடுத்த வேண்டும்? வேலை ஒழுங்குக்கு வந்தது எப்போது என்றால், தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையம் அமைத்து, மாவட்ட நிர்வாகத்தோடு பேசி, எந்தக் கிராமத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்கத் தொடங்கிய பிறகு.

அப்போ போகவே கூடாதா என்பீர்கள். பியர் செரசோல் என்று ஒருவர் இருந்தார். சுவிட்சர்லாந்துக்காரர், உங்களைப் போலப் பொறியியல் படித்தவர். முதல் உலகப் போரில் தரைமட்டமான வெர்டன் பகுதியில் எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்கு 1920-இல் சிலரைச் சேர்த்துக்கொண்டு போனார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள், அதாவது நேற்றுவரை அந்த ஊருக்கு எதிரிகள். இடிபாட்டை அள்ளினார்கள், தற்காலிக வீடு கட்டினார்கள், சாலையைச் சரிசெய்தார்கள். 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம். 55 வயது செரசோல் இங்கே வந்தார். ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணப் பணியோடு சேர்ந்து, முசாஃபர்பூர் பக்கம் வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை மேட்டுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். மண் வெட்டப் பீகாரில் ஆளா இல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில், 1934-இல், ஒரு வெள்ளைக்காரர் இந்தியர்களோடு நின்று மண் சுமந்ததற்கு வேறு ஒரு கனம் இருந்தது. தாயில்லாப் பிள்ளை ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுக்கச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் தொடங்கிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் இன்றும் பல நாடுகளில் இரண்டு மூன்று வார முகாம்கள் நடத்துகிறது. இந்தியாவிலும் கிளை உண்டு. தங்க இடமும் சாப்பாடும் முகாமில் கிடைக்கும். பயணச் செலவும் சிறிய பதிவுக் கட்டணமும் உங்களுடையது. ஓராண்டு ஒதுக்க முடிந்தால் ஜெர்மனியின் வெல்ட்வேர்ட்ஸ் திட்டம் இருக்கிறது. ஜெர்மன் இளைஞர்களை வெளியே அனுப்ப 2008-இல் தொடங்கியது, 2013 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து 18 முதல் 28 வயது வரையிலானவர்களையும் அங்கே அழைக்கிறது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் பள்ளி போன்ற இடங்களில் வேலை. இருப்பிடம், காப்பீடு, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் தருவார்கள். நாலைந்து வருடம் வேலை பார்த்து ஒரு தொழில் கைவந்த பிறகு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். அங்கேயும் மாதப்படி உண்டு. காசு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனித்தீர்களா?

அப்பாவின் பயத்தில் நியாயமான பாதி ஒன்று உண்டு, அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். கம்போடியாவிலும் அப்படிக் கூடங்கள் உண்டு. அதனால் எங்கே போனாலும் பாஸ்போர்ட்டை யாரிடமும் 'பத்திரமாக வைக்க' கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வந்து தொண்டு செய்யலாம் என்று தரகர் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்து போன்ற நாடுகளில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீங்கள், தரகர் அல்ல.

மற்றபடி கம்போடியாவுக்குப் போங்கள். பயணியாகவே போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர் விடுதியில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்து, சந்தையில் சாப்பிட்டால் அந்தப் பணம் நேராக ஒரு குடும்பத்துக்குப் போகும். அப்படியும் கை சும்மா இருக்காது என்றால் சியெம் ரீப்பில் ஓர் இடம் சொல்கிறேன். பேயாட் ரிக்னர் என்ற சூரிச் குழந்தை மருத்துவர் எழுபதுகளில், போல் பாட் படை வருவதற்கு முன், புனோம் பென்னில் வேலை பார்த்தவர். போர் ஓய்ந்த பின் அரசர் சிகானுக் திரும்பி வரும்படி கேட்டுக்கொண்டார். 1992-இல் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனையை மீண்டும் திறந்தார். 2017-இல் நோய்வாய்ப்பட்டு விலகும்வரை அதுவே அவர் வேலை. 2018-இல் இறந்தார். ஏழை நாட்டுக்கு இவ்வளவு செலவான வைத்தியம் எதற்கு என்று பெரிய பெரிய அமைப்புகள் முணுமுணுத்தன. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிகிச்சை முழுக்க இலவசம். ஊழியர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கம்போடியர்கள். சியெம் ரீப் கிளையில் சனிக்கிழமை மாலைகளில் செல்லோ என்ற நரம்புக் கருவியை வாசிப்பார், நடுவே பயணிகளிடம் உதவி கேட்பார்: இளைஞர்களிடம் ரத்தம், வயதானவர்களிடம் பணம், இடைப்பட்டவர்களிடம் இரண்டும். டெங்கு பரவும் மாதங்களில் அங்கே ரத்தம் நிறையத் தேவைப்படும். உங்கள் உடல்நிலை பார்த்து அவர்கள் ஏற்றுக்கொண்டால் கொடுத்துவிட்டு வாருங்கள், அரை மணி நேர வேலை. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கோர் பழங்காலக் கோயில்களின் நுழைவுச் சீட்டில் 2 டாலரும் அந்த மருத்துவமனைக்குத்தான் போகிறது. சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. மூன்று நாள் சீட்டாகவே எடுங்கள், ஒரே நாளில் அங்கோரைப் பார்த்து முடிக்க முடியாது.